உலோக மூட்டுக்கு எண்ணெய் வார்ப்பவர் யார்?

கதவின் கீல் கிறீச்சிட்டால் வீட்டுக்காரர் இரண்டு துளி எண்ணெய் விடுகிறார். வண்டிலின் அச்சு முனகினால் வண்டிற்காரர் மசகு இடுகிறார். மனிதனுடைய இடுப்பு மூட்டுக் கிறீச்சிட்டால் செய்வது யாது?

இது வேடிக்கைக்காகக் கேட்கப்படும் வினாவன்று. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் மாஞ்செஸ்ரர் நகரில் என்பு வைத்திய நிபுணராக இருந்த ஜோன் சாண்லி என்பவர், உண்மையாகவே கிறீச்சிடும் இடுப்பொன்றைக் கண்டார். அந்த நோயாளியின் தொடை என்பின் தலை அகற்றப்பட்டு, அதனிடத்தில் அக்கிரிலிக் என்னும் பிளாஸ்ரிக்கினாற் செய்த உருண்டையொன்று வைக்கப்பட்டிருந்தது. பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் 1946இல் தொடங்கிவைத்த முறை அது. ஆனால், அம்மனிதர் முன்னே சாயும்போதெல்லாம் இடுப்பிலிருந்து எழுந்த ஓசையைத் தாங்கமாட்டாது அவர் மனைவி அறையை விட்டே சென்றுவிடுவாராம். பிறர் கேட்டுச் சிரித்திருக்கக்கூடிய இச்செய்தி சாண்லியைச் சிந்திக்க வைத்தது. ஓசை எழுகின்றதெனின் அங்கே உராய்வு மிகுந்திருக்கின்றது. உராய்வு மிகுந்தால், அவ்வுருண்டை ஒவ்வோர் அடிக்கும் என்பிலே பதிந்துள்ள தன் காம்பை அசைத்து அசைத்து ஈற்றில் தளர்த்திவிடும். அவ்வாறாயின், தாய் தந்தையர் தந்த மூட்டு எழுபது, எண்பது ஆண்டுகள் ஓசையின்றி இயங்குவது எங்ஙனம்? செயற்கை மூட்டுக்கு அந்த வழவழப்பைக் கொடுப்பவர் யார்?

இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது. தொடை என்பின் மேல்முனை பந்து. இடுப்பென்பிலுள்ள குழி கிண்ணம். இரண்டின் முகத்தையும் வெண்மையான, மிருதுவான கசியிழையம் போர்த்திருக்கின்றது. இவற்றைச் சூழ்ந்துள்ள உறையின் உட்புறச் சவ்வு, முட்டையின் வெண்கருவைப் போன்ற வழுவழுப்பான திரவமொன்றைச் சுரக்கின்றது. குருதியிலிருந்து வடிந்துவரும் நீரும் புரதங்களும் அதிலுள. 1934இல் கார்ல் மேயர், ஜோன் பாமர் என்னும் இருவர் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஹயலூரோனிக் அமிலம் என்னும் பொருளும் அதிலுண்டு. திரவத்துக்குப் பாகுத்தன்மையைக் கொடுப்பது இதுவே. அளவோ மிகச் சொற்பம். ஒரு தேக்கரண்டியை நிரப்பினாலே பெரிது.

இச்சிறு திரவம் ஆற்றவேண்டிய பணியை எண்ணிப் பாருங்கள். எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் சாதாரணமாக நடக்கும்பொழுதே இடுப்பு மூட்டில் ஏறக்குறைய 200 கிலோகிராம் பாரம் விழுகின்றது. கால் இடறித் தடுமாறும் கணத்திலோ உடல் நிறையின் எட்டு மடங்கு வரை விழுதல் கூடும். ஓராண்டில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 10 இலட்சம் அடிகள் வைக்கின்றது. இவ்வளவும் நிகழ்ந்தும், இயற்கை மூட்டின் உராய்வு, பனிக்கட்டியின்மீது பனிக்கட்டி வழுக்குவதிலும் குறைந்ததாகவே உள்ளது.

இதன் மருமத்தை விளங்கிக்கொள்ள, வைத்தியசாலையை விட்டுச் சற்றே புகையிரதப் பாதைப் பக்கம் செல்லல் வேண்டும். 1883ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் போஷம்ப் ரவர் என்னும் பொறியியலாளர், புகையிரதப் பெட்டியின் அச்சு எவ்வாறு எண்ணெயில் இயங்குகின்றது என்று ஆராய்ந்தார். அச்சைத் தாங்கும் உலோக அணைப்பின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டார். அச்சுச் சுழன்றதும், கீழேயிருந்த எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கியது. மரத்தக்கையால் துளையை அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. எண்ணெய் வெறுமனே ஈரமாய்ப் படிந்திருக்கவில்லை. பெரும் அமுக்கத்துடன் அச்சின் பாரத்தையே தாங்கிக்கொண்டிருந்தது. இதற்குரிய கணித விளக்கத்தை 1886இல் மாஞ்செஸ்ரர் பேராசிரியர் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் எழுதினார். அசையும் பரப்பு திரவத்தைத் தன்னுடன் இழுத்துச் செல்லும். ஒடுங்கிக்கொண்டு போகும் இடைவெளிக்குள் அது ஆப்புப்போல நுழையும். நுழைந்த திரவம் இரு பரப்புகளையும் ஒன்றையொன்று தொடாது பிரித்து வைக்கும். இங்கு மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. இவ்வாப்பு அசைவினாலேயே பிறக்கின்றது. அசைவு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

உடல் மூட்டும் இவ்வாறே இயங்குகின்றது என்று சிலர் கருதினர். சாண்லி அதை ஏற்கவில்லை. புகையிரத அச்சு ஒரே திசையில் விரைந்து சுழல்வது. இடுப்போ முன்னும் பின்னும் ஆடி, ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நின்று, பின் மீண்டும் புறப்படுவது. அத்தகைய மந்த அசைவில் திரவ ஆப்பு நிலைக்காது என்றும், வழவழப்பின் பெரும்பங்கு கசியிழையத்தின் பரப்பிலேயே உள்ளது என்றும் அவர் எண்ணினார். கசியிழையத்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பொருளை வைத்தால், மூட்டுத் திரவம் அதற்கு அவ்வளவாக உதவாது. ஆகவே, தானே வழுக்கும் பொருளொன்றைத் தேடவேண்டும். இம்முடிவு அவரை 1958ஆம் ஆண்டளவில் ரெப்லோன் என்னும் பிளாஸ்ரிக்கிடம் கொண்டு சென்றது. இன்று சமையற் சட்டிகளில் உணவு ஒட்டாதிருக்கப் பூசப்படுவதும் அதுவே.

இலங்காசயரிலுள்ள ரைற்றிங்ரன் வைத்தியசாலையில், ரெப்லோன் கிண்ணமும் துருவேறா உருக்குப் பந்தும் கொண்ட மூட்டை அவர் பொருத்தலானார். உராய்வின் முறுக்கு விசை சிறுக்கவேண்டும் என்பதற்காகப் பந்தையும் சிறிதாக்கி, முடிவில் 22 மில்லிமீற்றர் அளவுக்குக் கொணர்ந்தார். ஆண்டுக்கணக்காக வேதனையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஏறக்குறைய 300 பேருக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது.

ஆயினும், வழுக்கும் பொருளெல்லாம் தேயாத பொருளாகிவிடுமா? மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் உருக்குப் பந்து ரெப்லோனைக் குடைந்துகொண்டு உள்ளே போயிற்று. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையிற் சேர்ந்து அழற்சியை உண்டாக்கின, என்பு அரிக்கப்பட்டது. நடந்தவர்கள் மீண்டும் நோவுடன் திரும்பி வந்தனர். சாண்லி தாம் பொருத்தியவற்றைத் தாமே மீண்டும் திறந்து அகற்ற நேர்ந்தது. அவர் அத்துடன் அமையவில்லை. அத்துகள்கள் உடலில் என்ன செய்கின்றன என்று அறியும் பொருட்டுத் தம்முடைய தொடையிலேயே அவற்றைச் செலுத்திப் பார்த்தார். பிறர் உடலிற் செய்த தவற்றைத் தம் உடலிற் சோதித்த இச்செயல் வைத்திய வரலாற்றில் நினைக்கத் தக்கது.

மாற்றுப்பொருள் எதிர்பாராத வழியாக வந்தது. 1962இல் வியாபாரப் பிரதிநிதி ஒருவர், நெசவாலைப் பொறிகளின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட கடினமான பொலித்தீன் துண்டொன்றைக் கொண்டு வந்தார். சாண்லி அதை நகத்தாற் கீறிப் பார்த்து, உதவாதென்று ஒதுக்கிவிட்டு வெளிநாட்டு மகாநாடொன்றுக்குப் புறப்பட்டார். அவருடைய பட்டறை உதவியாளர் ஹரி கிரேவன் என்பவரோ அதைத் தேய்வுப் பொறியில் ஏற்றி, இரவும் பகலும் ஓடவிட்டார். ரெப்லோன் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கும் அது மூன்று வாரத்தில் தேயவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பொலித்தீன் கிண்ணம் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. ரெப்லோனை விட அதிகம் உராயும் பொருள் அது. ஆனால் தேய்வோ மிகக் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தேய்ந்தபடி, அத்தகைய மூட்டுகள் பல இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தன. உராய்வு குறைவது ஒன்று, தேய்வு குறைவது மற்றொன்று என்னும் பாடத்தை இவ்வாறு பெரும் விலை கொடுத்தே வைத்தியவுலகம் கற்றது.

இனி, உலோகமும் உலோகமும் உரசும் மூட்டைப் பார்ப்போம். பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். இத்தகைய மூட்டொன்றை 1938இலேயே இலண்டன் நகரில் பிலிப் வைல்ஸ் என்பவர் பொருத்திப் பார்த்தார். பின்னர் நோரிச் நகரின் கெனத் மக்கீ என்பவர், கோபால்ற், குரோமியம் கலந்த உலோகத்தால் 1960ஆம் ஆண்டுகளில் இதை வளர்த்தெடுத்தார். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும் என்பது உலகறிந்த உண்மை. அவ்வாறிருக்க, ஒரு துளி எண்ணெயும் வார்க்கப்படாத உலோக மூட்டு உடலுக்குள் எங்ஙனம் இயங்குகின்றது?

விடை வியப்புக்குரியது. உடலே அதற்கும் எண்ணெய் வார்க்கின்றது. சத்திரசிகிச்சையின்போது மூட்டுறை திறக்கப்படுகின்றது. பழைய திரவம் வடிந்துவிடுகின்றது. சுரக்கும் சவ்வின் ஒரு பகுதியும் அகற்றப்படலாம். எனினும், புண் ஆறிவரும் காலத்தில் உடல் அவ்வுலோகத்தைச் சூழப் புதிய உறையொன்றை அமைக்கின்றது. அதன் உட்புறத்தில் பழைய சவ்வை ஒத்த படையொன்று தோன்றித் திரவத்தைச் சுரக்கத் தொடங்குகின்றது. இத்திரவம் இளமையான மூட்டின் திரவத்தைப் போல அத்துணைப் பாகுள்ளதன்று. குருதியின் தெளிநீரை அதிகம் ஒத்தது. ஆயினும் அதிலும் ஹயலூரோனிக் அமிலமுண்டு. அல்புமின் முதலிய புரதங்களுண்டு. உடல் தனக்கு அந்நியமான இவ்வுலோகத்தையும் தன் மூட்டாகவே பாவித்து நனைக்கின்றது.

அத்திரவம் இரு வழிகளில் தொழிற்படுகின்றது. கால் வீசி நடக்கும்பொழுது, ரெனோல்ட்ஸ் கூறிய ஆப்பு முறைப்படி, பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே மெல்லிய படலமொன்று இழுக்கப்படுகின்றது. அதன் பருமன் ஒரு தலைமயிரின் பருமனில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நுண்ணிய படலம் பரப்புகளைப் பிரிக்கவேண்டுமாயின், அப்பரப்புகளின் மேடுபள்ளங்கள் அதிலும் சிறியனவாய் இருத்தல் வேண்டும். உலோக மூட்டுகள் கண்ணாடியினும் பளபளப்பாகத் தீட்டப்படுவது அழகுக்காகவன்று, இதன் பொருட்டே. நின்ற நிலையிலும், நாற்காலியிலிருந்து எழும் முதற் கணத்திலும் ஆப்பு இல்லை. அப்பொழுது, உலோகத்தின் மேல் ஒட்டிப் படிந்திருக்கும் புரதங்களே மென்மையான போர்வையாக நின்று காக்கின்றன. எனவேதான் ஆய்வுகூடங்களில் செயற்கை மூட்டைப் பொறியிலிட்டுச் சோதிப்போர், வெறும் நீரை விடாது, கன்றின் குருதித் தெளிநீரை விட்டுச் சோதிக்கின்றனர். 2011இல் வெளியான ஆய்வொன்று, உடலிலிருந்து அகற்றப்பட்ட உலோக மூட்டுகளின் மேல் கரிப்படை ஒன்றிருப்பதையும், அதில் பென்சிற் கரியாகிய கிரபைற்றின் தன்மை காணப்படுவதையும் காட்டியது. திரவத்திலுள்ள புரதங்கள் உரசலினால் மாறி இப்படை உண்டாகின்றது என்று ஆய்வாளர் கருதினர். மூட்டு இயங்க இயங்கத் தனக்கு வேண்டிய மசகையும் தானே ஆக்கிக்கொள்கின்றது எனலாம்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும் பல உலோக மூட்டுகள் ஏன் கெட்டன? மக்கீயின் மூட்டுகளே முதற் சான்று. சில இருபது ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்தன. வேறு சில விரைவில் இறுகித் தளர்ந்தன. காரணம் பொருத்தத்தில் இருந்தது. பந்து கிண்ணத்துக்குச் சற்றே பெரிதாயின், அது விளிம்பையடுத்துக் கவ்விப் பிடிக்கும். திரவம் உட்புக வழியில்லை. பந்து மிகச் சிறிதாயின் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் விழும், படலம் கிழியும். இரண்டுக்கும் இடையே, ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்களவான இடைவெளியே உகந்தது. திரவம் உடலினுடையதாயினும், அது நுழைய வாயில் வைப்பது கொல்லனின் கையில் இருந்தது.

பிற்காலத்தில் பொறிகள் திருந்தின. இவ்வளவைத் திட்டமாகக் கடைந்தெடுத்தல் எளிதாயிற்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பேராசிரியர் டங்கன் டௌசன் முதலியோர் படலத்தின் கணிதத்தை நுட்பமாக வகுத்தனர். அக்கணிதத்தின்படி, பந்து பெரிதாகுந்தோறும் அதன் பரப்பு விரைந்து அசையும், விரைந்து அசையுந்தோறும் அதிக திரவம் இழுக்கப்படும், படலம் தடிக்கும். ஆய்வுகூடப் பொறிகளும் இதையே மெய்ப்பித்தன. முதல் 10 இலட்சம் அடிகளில் மூட்டுச் சிறிது தேய்ந்து பழகிக்கொள்ளும்; அதன்பின் தேய்வு மிகவும் குறைந்துவிடும். பெரிய பந்து எளிதில் மூட்டுக் கழன்று போகாமலும் காக்கும். ஆதலால், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பெரிய உலோகப் பந்துகள் இளவயதினருக்கும் உற்சாகமாகப் பொருத்தப்பட்டன.

ஆனால், பொறி நடப்பது போல மனிதன் நடப்பதில்லை. சத்திரசிகிச்சையில் கிண்ணம் சற்றுச் செங்குத்தாக அமைந்துவிட்டால், பந்து கிண்ணத்தின் நடுவில் அமராது விளிம்பில் ஏறி நிற்கும். விளிம்பில் ஆப்புக்கு இடமில்லை, படலம் அறுபடும், உலோகம் உலோகத்தைச் சுரண்டும். பெரிய பந்தின் முறுக்கு, காம்பின் கழுத்தில் பந்து பொருந்தியிருக்கும் இடத்தையும் அசைத்தது. மூட்டின் முகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவ்விடத்துக்குக் கிடையாது. அங்கே அரிப்பு உண்டாயிற்று. உதிர்ந்த துகள்களோ கண்ணுக்கு எட்டாதவை. அளவிற் சிறிதாயினும் எண்ணிக்கையில் மிகப் பல. கோபால்றும் குரோமியமும் குருதியிற் கலந்தன. சிலருடைய மூட்டைச் சூழ்ந்த தசை அழிந்து, கட்டி போன்ற வீக்கங்கள் தோன்றின.

2010 ஓகஸ்ட் மாதத்தில் அத்தகைய மூட்டுவகை ஒன்று உலகெங்கும் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அதை உடலிற் சுமந்தவர்கள் ஏறக்குறைய 93,000 பேர். 2012இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் தேசிய மூட்டுப் பதிவேட்டை ஆராய்ந்தோர், 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடுப்பு மூட்டுகளின் வரலாற்றைக் கணக்கிட்டனர். அவற்றுள் 31,000க்குச் சற்று அதிகமானவை, காம்புடன் கூடிய உலோகத்தோடுலோக மூட்டுகள். கணிதத்தின்படி பெரிய பந்தே நீடித்திருத்தல் வேண்டும். பதிவேட்டிலோ பெரிய பந்தே விரைவில் கெட்டிருந்தது. இவ்வகை மூட்டுகளை இனிப் பொருத்தலாகாது என்று அவர்கள் எழுதினர். அதன்பின் அவற்றின் பயன்பாடு பெரிதும் அருகிவிட்டது. இன்று பெரும்பாலும் பொருத்தப்படுவது, வலுவூட்டப்பட்ட பொலித்தீன் கிண்ணமும், உலோகத்தாலோ பீங்கான் வகைப் பொருளாலோ செய்த பந்துமே. சாண்லி 1962இல் நகத்தாற் கீறி ஒதுக்கிய பொருளின் வழித்தோன்றல் அது.

இவ்வரலாற்றில் கணிதம் பொய்த்ததென்று கொள்ளுதல் தகாது. படலம் உண்டாகும் இடத்தில் அது கணிதம் சொன்னபடியே உண்டாயிற்று. படலம் உண்டாகாத இடங்களையும், அது நிலைக்காத கணங்களையும் மனிதர் போதியளவு எண்ணிப் பாராததே பிழை. உடல் தரும் திரவம் மெல்லியது. அதன் உழைப்புக்கும் ஓர் எல்லையுண்டு. அந்த எல்லைக்குள் அமைந்த மூட்டு நீடித்தது. எல்லை மீறி அதனிடம் பணி கேட்ட மூட்டு கெட்டது. சாண்லி திரவத்தை அதிகம் நம்பாது பொருளை நாடினார். பின்வந்தோர் திரவத்தைப் பெரிதும் நம்பிப் பந்தைப் பெருக்கினர். முன்னவர் பிழையையும் பின்னவர் பிழையையும் தம் உடலில் தாங்கியவர்கள் நோயாளிகளே.

செயற்கை மூட்டுடன் வாழ்வோர் பலருக்கு உள்ளூர ஓர் அச்சமுண்டு. நாளடைவில் மூட்டு வறண்டுவிடாதா, அதிகம் நடந்தால் எண்ணெய் தீர்ந்துவிடாதா என்பதே அது. வைத்தியர் எண்ணெய் எதையும் நிரப்பி அனுப்பவில்லை; ஆதலால் அது தீர்ந்துபோவதற்கும் இல்லை. மூட்டைச் சூழ்ந்த சவ்வு உயிருள்ளது. அது நாளும் சுரக்கின்றது. அளவான நடை அத்திரவத்தைப் பரப்புகளுக்கிடையே இழுத்து வந்து படலமாக்குகின்றது. அஞ்சவேண்டியவை வேறு: விழுதல், தடுமாறுதல், புதிதாகத் தோன்றும் நோவு, வீக்கம். இவை கண்டால் வைத்தியரை நாடுதல் வேண்டும். உலோகத்தோடுலோக மூட்டு உள்ளவர்கள், நோவு இல்லாவிடினும், வைத்தியர் குறித்த காலங்களில் குருதியைச் சோதிப்பித்துக்கொள்ளுதல் நன்று.

கீலுக்கு எண்ணெய் விட மறந்தால் அது கிறீச்சிட்டு நினைவூட்டும். உடலோ யாரும் நினைவூட்டாமலே, தன்னுள் வைக்கப்பட்ட உலோகத்துக்கும் அன்றாடம் தன் பங்கைக் கொடுத்துவருகின்றது. அதன் கொடை எவ்வளவு என்பதை அளந்தறிந்து, அந்த அளவுக்குள் மூட்டை அமைத்தலே வைத்தியரும் பொறியியலாளரும் ஆற்றவேண்டிய கடமை.